எல்லா வாய்ப்புண்ணும் சூடு இல்ல

எரிச்சல்லதான் இதை எழுத உக்காந்தேன். முதல்லயே சொல்லிடறேன்.

தேரடி வீதியில ஒரு மெடிக்கல். எனக்கு முன்னாடி ஒரு அம்மா, இடுப்புல ஒரு பையன். நாலு வயசு இருக்கலாம். உதடு ரெண்டும் வீங்கி, மேல கருஞ்சிவப்பா காஞ்சு ஒட்டியிருக்கு. எச்சில் முழுங்க முடியாம தாடையில வழியுது. கண்ணு ரெண்டும் சிவப்பு.

"வாயெல்லாம் புண்ணுங்கண்ணா. எதுவும் திங்க மாட்டேங்கறான். எதனா குடுங்க."

"வெயில் சூடும்மா"ன்னு சொல்லி ஒரு பி காம்ப்ளெக்ஸ் சிரப்பும், தடவறதுக்கு ஒரு ஜெல்லும் எடுத்து வெச்சாங்க. பின்னாடி நின்ன பெரியவர் இளநி குடுக்கச் சொன்னார். இன்னொரு அக்கா மணத்தக்காளி கீரை சொன்னாங்க. எல்லாருமே நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா கேக்க வேண்டிய கேள்வியை ஒருத்தரும் கேக்கல.

நான் கேட்டேன். "குழந்தைக்கு சமீபத்துல வேற எதுக்காவது புதுசா மருந்து ஆரம்பிச்சாங்களாம்மா?"

"ஆமாக்கா. ஃபிட்ஸ் வருதுன்னு போன மாசத்துல இருந்து மாத்திரை."

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஆட்டோ புடிச்சு, அந்த மாத்திரையையும் எடுத்துக்கிட்டு உடனே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஏத்தி விட்டேன்.

நான் டாக்டர் இல்ல. ஆனா இதே வாயை, இதே உதட்டை எங்க வீட்டுல பாத்திருக்கேன். என் அக்கா பொண்ணு, செங்கம் பக்கம். அவளுக்கும் ஃபிட்ஸ் மாத்திரைதான். ஆஸ்பத்திரியில அவ பக்கத்துல உக்காந்து வாயைப் பாத்துக்கிட்டது பெரும்பாலும் நான்தான். (அக்காவுக்குக் கை நடுங்கும். பெத்தவளுக்கு நடுங்கத்தானே செய்யும்.)

நம்ம ஊரு திருவண்ணாமலை, அக்னி ஸ்தலம். பங்குனி பொறந்துட்டா ராத்திரி எட்டு மணிக்கும் மலைப்பாறை அனல் விடும். அதனால உடம்புல எது வந்தாலும் சூடுன்னு சொல்லிடறது நமக்குப் பழகிப்போச்சு. பெரும்பாலான நேரம் அது ஆபத்தும் இல்ல. குழந்தைங்களுக்கு வர வாய்ப்புண்ல முக்கால்வாசி தானாவே ஆறிடற வகை. கை, கால், வாய்னு மூணு எடத்துலயும் கொப்புளம் வருமே, அந்த வைரஸ் காய்ச்சல்கூட பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்ல போயிடும். மணத்தக்காளியை நான் கொறை சொல்லல. தேங்காப்பால் விட்டு எங்க ஆயா வெக்கற மணத்தக்காளி கூட்டுக்கு நான் என்னிக்கும் அடிமை.

நான் சொல்றது வேற ஒன்னு. அபூர்வமானது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்.

நியூயார்க்கைச் சேர்ந்த ரெண்டு குழந்தை டாக்டருங்க, ஸ்டீவன்ஸும் ஜான்சனும், 1922ல எழுதின கட்டுரையில இருந்து வந்த பேரு. அவங்க பாத்தது ரெண்டு பையனுங்களை. ஒருத்தனுக்கு 7 வயசு, இன்னொருத்தனுக்கு 8. காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வாய் முழுக்கப் புண்ணு, கண்ணு அழற்சி. இது குழந்தைங்க வாயிலயும் கண்ணுலயும் வர நோய்னு கட்டுரைத் தலைப்புலயே போட்டிருந்தாங்க. நூறு வருஷம் தாண்டிடுச்சு. நாம இன்னும் இளநியிலயே நிக்கறோம்.

இதே நோய் இன்னும் முத்தினா அதுக்கு வேற பேரு, லையல் நோய். 1956ல ஸ்காட்லாந்து தோல் டாக்டர் ஆலன் லையல் எழுதினது. கொதிக்கற தண்ணி பட்டு வெந்த தோல் மாதிரி இருக்குன்னார். இப்போ டாக்டருங்க தோல் உரிஞ்ச பரப்பை வெச்சுப் பிரிக்கறாங்க. உடம்புல 10 சதவீதத்துக்குக் கீழ உரிஞ்சா ஸ்டீவன்ஸ்-ஜான்சன். 30 சதவீதத்தைத் தாண்டினா லையல் சொன்னது. நடுவுல இருக்கறது ரெண்டும் கலந்தது.

உள்ள என்ன நடக்குதுன்னா, மருந்து சில பேர் உடம்புல செல்லோட மேற்பரப்புல இருக்கற ஒரு புரதத்தோட ஒட்டிக்குது. கிருமியை அழிக்க வேண்டிய நம்ம சொந்த வெள்ளணு அதைப் பாத்து எதிரின்னு நெனச்சு, தோலோட மேல் அடுக்கைக் கொல்ல ஆரம்பிக்குது. மழைக்காலத்துல சுவத்து சுண்ணாம்பு உப்பி உதிருமே, அப்படி உதிருது. வாய், கண்ணு, சிறுநீர் போற எடம் எல்லாத்துலயும் அந்த மாதிரி மெல்லிசான அடுக்குதான். அதனால அங்கயும் உரியுது. பல பேருக்கு உடம்புல தடிப்பு வரதுக்கு ஒரு நாள், ரெண்டு நாள் முன்னாடியே வாயில ஆரம்பிச்சுடும். வாய்ப்புண்ணுதான் முதல் எச்சரிக்கைன்னு நான் தொண்டை கிழியக் கத்தறது இதனாலதான்.

எந்த மருந்துன்னு கேப்பீங்க. ஃபிட்ஸ் மருந்துல கார்பமாசெபின், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின். கோட்ரைமாக்சசோல் மாதிரி சல்ஃபா மருந்துங்க. சில வலி நிவாரணிங்க. லட்சக்கணக்கான குழந்தைங்க இதையெல்லாம் சாப்பிட்டு நல்லாதான் இருக்காங்க. பத்து லட்சம் பேருக்கு வருஷத்துல ஒரு சிலருக்குத்தான் இந்த நோயே வருது. அதனால இதைப் படிச்சுட்டு யாரும் ஃபிட்ஸ் மருந்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ப்ளீஸ். திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் நிக்காம வரும், அது உயிருக்கே ஆபத்து. (சில குழந்தைங்களுக்கு மருந்தே காரணமா இருக்காது. மைக்கோபிளாஸ்மான்னு ஒரு கிருமி, நெஞ்சுச் சளியோட வந்து வாயை இதே மாதிரி புண்ணாக்கிட்டுப் போகும். பிரிச்சுப் பாக்க வேண்டியது டாக்டர் வேலை.)

கவனிக்க வேண்டிய காலம் ஒன்னு இருக்கு. மருந்து ஆரம்பிச்ச நாலாவது நாள்ல இருந்து நாலு வாரம் வரைக்கும்தான் பெரும்பாலும் வரும். சில சமயம் எட்டு வாரம் வரைக்கும் போகும். "மூணு வாரமா நல்லாத்தானே சாப்ட்டா, மாத்திரையால இருக்காது"ன்னு எங்க ஆயா சொன்னாங்க. மூணாவது வாரம்தான் அது வர நேரமே.

அந்தக் காலத்துக்குள்ள காய்ச்சலோட வாய்ப்புண், உதட்டுல ரத்தம் காஞ்ச பொருக்கு, கண் சிவப்பு, ஒன்னுக்குப் போனா எரிச்சல், தொட்டாலே வலிக்கற தோல், நடுவுல கருத்த சிவப்பு வட்டம். இதுல ரெண்டு மூணு சேந்து வந்தா அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காதீங்க. அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. மருந்தை நிறுத்தி, ஃபிட்ஸுக்கு மாத்து மருந்து குடுக்கறதை அங்க பாத்துப்பாங்க. நம்ம ஊருலயே 2013ல இருந்து மருத்துவக் கல்லூரி இருக்கு. தேவைப்பட்டா அங்க இருந்து வேலூருக்கோ, பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ அனுப்புவாங்க. பௌர்ணமி கூட்டமா இருந்தாலும் 108க்கு வழி விடுவாங்க, பயப்படாதீங்க.

சரி, வாய்க்கு வரேன். இதை எழுதறதே அதுக்குத்தான்.

இந்த நோய்க்குன்னு ஒரு மந்திர ஊசி கெடையாது. ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், இம்யூனோகுளோபுலின்னு பலதும் குடுத்துப் பாக்கறாங்க. எது சிறந்ததுன்னு டாக்டருங்களுக்குள்ளயே முழு ஒத்துமை இல்ல. எல்லாரும் ஒத்துக்கற விஷயம் ரெண்டு: காரணமான மருந்தை உடனே நிறுத்தறது, ராவும் பகலும் பாத்துக்கறது. வாயைப் பொறுத்தவரைக்கும் ரெண்டாவதுல பாதி வேலை கூட இருக்கறவங்க கையாலதான் நடக்கும்.

உதடு முதல்ல. வெள்ளை வாசலின். பூசின மாதிரி இல்ல, அப்பின மாதிரி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரியும்தான். தூங்கறாளேன்னு விட்டா காலையில ரத்தமும் எச்சிலும் காஞ்சு ரெண்டு உதடும் ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்போ இழுத்துப் பிரிக்கவே கூடாது. சலைன்ல நனைச்ச காஸ் துணியை உதட்டு மேல போட்டு, கொஞ்ச நேரம் ஊற விடணும். பொருக்கு தானா எளகும். எளகினதை மட்டும் எடுக்கணும். எளகாததுக்கு அடுத்த தடவை.

வாய் கழுவறது அடுத்த போராட்டம். ஆறு வயசுக் குழந்தையை "கொப்புளிச்சுத் துப்பு"ன்னா எப்படித் துப்பும், வலி உயிர் போகுது. நாங்க ஒவ்வொன்னா செஞ்சு பாத்தோம். டம்ளர் ஒத்து வரல. ஈரத்துணியை விரல்ல சுத்தினா கடிச்சுட்டா. கடைசியில வார்டு சிஸ்டர் ஒருத்தங்க காட்டினது: ஊசி இல்லாத சிரிஞ்சுல வெதுவெதுப்பான சலைன். குழந்தையை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலை கொஞ்சம் கீழ சாய, கன்னத்து ஓரமா சொட்டுச் சொட்டா விடணும். தானா வழிஞ்சு துண்டுல விழும். தொண்டைக்கு நேரா பீச்சக்கூடாது, பொரை ஏறிடும். அவளே "இப்போ விடு, இப்போ நிறுத்து"ன்னு கையால சைகை காட்ட ஆரம்பிச்சா. கட்டுப்பாடு தன் கையில இருக்குன்னு தெரிஞ்சதும் அழுகை பாதியாக் கொறஞ்சுது.

அதே சிஸ்டர்தான் இன்னொன்னும் செஞ்சாங்க. நனைச்ச பஞ்சுக்குச்சியை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல தெனமும் ஒரு சுத்து மெதுவா ஓட்டினாங்க. உரிஞ்ச ரெண்டு பரப்பும் அப்படியே ஒட்டி ஆறிட்டா தழும்பு கட்டி, பின்னாடி வாயைத் தொறக்கறதே கஷ்டமாயிடுமாம். பாக்க மனசு கேக்காது. ஆனா அதைச் செஞ்சே ஆகணும்.

சாப்பாட்டுக்கு முன்னாடி வலி கொறைய பென்சிடமைன்னு ஒரு வாய்மருந்து. அது வேலை செய்யற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள ஊட்டிடணும். கிருமி சேராம குளோர்ஹெக்சிடின், அதையும் தண்ணி கலந்து. (ஆல்கஹால் இல்லாததான்னு பாட்டில்ல பாருங்க. இருந்தா எரிச்சல்ல குழந்தை அடுத்த தடவை வாயையே தொறக்காது.) துப்பத் தெரிஞ்ச குழந்தைன்னா ஸ்டீராய்டு மாத்திரையைத் தண்ணியில கரைச்சு, வாயில வெச்சுருந்து துப்பச் சொல்றதும் உண்டு. இதெல்லாம் டாக்டர் எழுதித் தரணும். அளவு குழந்தைக்குக் குழந்தை மாறும். நடுவுல வெள்ளையாப் படலம் தெரிஞ்சா காளான் தொத்தா இருக்கலாம், சொல்லிடணும்.

இப்போ நான் கோவப்படற எடம்.

எங்க சொந்தத்துல ஒரு பெரியம்மா, பாசத்தோட, வெங்காரத்தைப் பொரிச்சு தேன்ல கொழச்சுக் கொண்டாந்துட்டாங்க. வெங்காரம்னா போராக்ஸ். அதைத் தேன்ல கலந்து சூப்பான்ல தடவிக் குடுத்து, கைக்குழந்தைங்களுக்கு ஃபிட்ஸே வந்திருக்கு, மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. உரிஞ்ச வாயில இன்னும் வேகமா உடம்புல ஏறும். மரத்துப்போக வெக்கற லிக்னோகெயின் ஜெல்லும் அப்படித்தான். பல் மொளைக்கற கைக்குழந்தைங்களுக்கு அதைத் தடவவே கூடாதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014ல கடுமையா எச்சரிச்சுது. அளவு மீறினா ஃபிட்ஸ் வரும், இதயம் பாதிக்கும். மெடிக்கல்ல கேட்டதும் எடுத்துக் குடுக்கறாங்களே அந்த "தடவற ஜெல்", அதுல என்ன இருக்குன்னு யாரு படிக்கறா?

சாப்பாடு. முதல் நாள்ல மூக்கு வழியா குழாய் போடணும்னாங்க. ஆயா அழுது தீத்துட்டாங்க. "பச்சக் கொழந்தைக்கு மூக்குல குழாயா?" ஆனா தோல் உரியற குழந்தைக்குத் தீக்காயம் பட்டவங்களுக்கு மாதிரி சத்தும் தண்ணியும் அதிகமா வேணும். வாய் வழியாப் போகலன்னா வேற வழியில போகணும். குழாய் போட்ட அன்னிக்குத்தான் அவ முகத்துல கொஞ்சம் தெளிவு வந்துச்சு.

குழாய் எடுத்ததுக்கு அப்புறம் எது எறங்குது, எது எறங்கலன்னு ஒவ்வொரு வேளையும் ஒரு ஆராய்ச்சி. மோர் எரிஞ்சுது (புளிப்பு). சாத்துக்குடி எரிஞ்சுது. ரசம் பேச்சே கெடையாது. இட்லி மெதுவானதுதானே? அதோட ஓரம் குத்துதுன்னு துப்பிட்டா. ஸ்பூன் விளிம்பு உதட்டுல பட்டா கத்துவா. ஸ்ட்ரா வெச்சு உறிய உதடு குவியல. எறங்கினது: ஆற வெச்சு வடிகட்டின அரிசிக் கஞ்சி, குளுந்த பால், புளிக்காத கேழ்வரகுக் கஞ்சி, உருகின ஐஸ்கிரீம், அப்புறம் பருப்பும் நெய்யும் விட்டு மசிய மசியக் கரைச்ச சாதம். எதுல குடுத்தோம்னு கேளுங்க. பாலாடையில! அவ கைக்குழந்தையா இருந்தப்போ பால் புகட்டின அதே பாலாடை. அதோட மூக்கைக் கன்னத்து ஓரமா வெச்சு, உதடு படாம சாச்சு ஊத்தலாம். இதைக் கண்டுபிடிச்சது எங்க ஆயா. குழாய்க்கு அழுத அதே ஆயா!

கண்ணையும் விட்றாதீங்க. வாய் ஆறிடும், கண்ணுல விழற தழும்பு பார்வையையே எடுக்கலாம். சேர்ந்த முதல் நாளே கண் டாக்டர் பாக்கணும்னு கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்ல.

அவளுக்கு தோல் சீக்கிரமே காஞ்சுது. வாய்தான் கடைசியா ஆறுச்சு. இப்போ நல்லா இருக்கா. காரம் மட்டும் ரொம்ப நாள் ஒத்துக்கல. வளர்ற வயசுல இது வந்தா நெலையான பல்லோட வேர் வளர்ச்சி பாதிக்கலாம்னு சொல்லியிருக்காங்க, அதனால பல் டாக்டர்கிட்டயும் தொடர்ந்து காட்டறோம்.

பாத்துக்கற வேலை இவ்ளோ பெருசான்னு தோணலாம். கொல்கத்தாவுல 1998ல அனுராதா சாஹாங்கற குழந்தைகள் மனநல நிபுணருக்கு இந்த நோயோட முத்தின வடிவம் வந்து, மும்பைக்குக் கொண்டு போயும் காப்பாத்த முடியல. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஸ்டீராய்டை அளவுக்கு மீறிக் குடுத்ததும், தேவையான பராமரிப்பு இல்லாததும் தீர்ப்புல அலசப்பட்டுச்சு. 2013ல கிட்டத்தட்ட 6 கோடி ரூபாய் இழப்பீடு. அதே 2013ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் ஜூரி ஒன்னு, காய்ச்சலுக்குக் குடுத்த ஐபுப்ரோஃபென் சிரப்பால 7 வயசுல பாதிக்கப்பட்ட ஒரு பொண்ணோட குடும்பத்துக்கு 6.3 கோடி டாலர் குடுக்கச் சொல்லுச்சு. எந்த அறிகுறி வந்தா மருந்தை நிறுத்தணும்னு லேபிள்ல தெளிவா இல்லைங்கறதுதான் வழக்கு. 2015ல மேல் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சுது.

வராமலே தடுக்க முடியாதா? கார்பமாசெபினுக்கு ஓரளவு முடியும். எச்.எல்.ஏ-பி 15:02ன்னு ஒரு மரபணு வகை இருக்கறவங்களுக்கு அந்த மருந்தால இந்த நோய் வர வாய்ப்பு ரொம்ப அதிகம்னு தைவான்ல 2004ல கண்டுபிடிச்சாங்க. அப்புறம் அங்கயே 4,877 பேருக்கு ரத்தம் சோதிச்சு, அந்த மரபணு இல்லாதவங்களுக்கு மட்டும் மருந்து குடுத்தாங்க. ஒருத்தருக்கும் வரல. 2011ல வெளிவந்த ஆய்வு. இந்தியாவுலயும் 2009ல வந்த ஒரு சின்ன ஆய்வுல, பாதிக்கப்பட்ட 8 பேர்ல 6 பேருக்கு அது இருந்துச்சு. ஃபிட்ஸ் மருந்து ஆரம்பிக்கும்போது "இந்தச் சோதனை தேவையா டாக்டர்?"னு கேளுங்க.

அடுத்தது, மெடிக்கல்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து மாத்திரை அட்டையில நாலு வெட்டித் தரும்போது பேரு உங்க பக்கம் போயிடுது. பழுப்புக் கவர்ல "காலை 1, இரவு 1"ன்னு மட்டும் எழுதித் தரீங்க. எங்க அக்கா வீட்டுல இருந்தது அப்படி ஒரு கவர்தான். டாக்டர் "என்ன மாத்திரை?"ன்னு கேட்டப்போ "வெள்ளையா, வட்டமா இருக்கும்"னு சொல்லத்தான் முடிஞ்சுது. மாமா செங்கத்துக்கு ராத்திரியோட ராத்திரியா வண்டி எடுத்துட்டுப் போய், கடையைத் தொறக்க வெச்சு பேரை வாங்கிட்டு வந்தார். பேரு இருக்கற துண்டை வெட்டிக் குடுங்க. இல்லன்னா கவர்ல எழுதுங்க. அரை நிமிஷ வேலை.

வாங்கறவங்களும் சீட்டை போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. ஒரு தடவை இப்படி வந்த குழந்தைக்கு அந்த மருந்து வாழ்நாள் முழுக்க வேண்டாம். அதே குடும்பத்து மருந்துங்களும் ஆகாது. ஃபெனிட்டாயின்ல வந்தவங்களுக்கு கார்பமாசெபின்லயும் வரலாம். எங்க பாப்பா பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் பின்னாடி மருந்து பேரைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி ஒட்டியிருக்கோம்.

கடைசியா, மருந்தால எந்த பாதிப்பு வந்தாலும் நாமளே அரசுக்குச் சொல்லலாம். காசியாபாத்ல இருக்கற இந்திய மருந்தக ஆணையம் இதுக்குன்னு ஒரு திட்டம் நடத்துது, 2010ல ஆரம்பிச்சது. பொதுமக்கள் நிரப்பற படிவம் தமிழ்லயும் இருக்கு. கட்டணமில்லாத போன் நம்பர் 1800-180-3024. வேலை நாள்ல காலை 9 மணியில இருந்து சாயங்காலம் 5.30 வரைக்கும் பேசலாம். பேசும்போது மாத்திரை அட்டையைக் கையில வெச்சுக்குங்க. பேரு, பேட்ச் நம்பர் எல்லாம் கேப்பாங்க.